வாடாத மாலையும் வாடிய மாலையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற ஆண்டு ப்ரஹ்மோத்ஸவத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். கருட ஸேவையன்று இரவு கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவருக்கு, எம்பெருமான் சாற்றிக் களைந்த துளசி மாலை ஒன்றை அடியேன் ப்ரஸாதமாகக் கொடுத்தேன். நடுநடுவே இரண்டு மூன்று ஸம்பங்கிப் பூக்களும் தொடுத்த மாலை அது. அவர் அதை வாழையிலையில் பொதிந்து, மேல்துண்டில் முடிந்துகொண்டு போனார். மூன்று நாள் கழித்துத் திருத்தேரன்று, வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு நடுவே, அதே முதியவர் அடியேனைத் தேடி வந்து நின்றார்.

"சாமி, நீங்க குடுத்த மாலை கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி வீடு சேர்றதுக்குள்ள வாடிப்போச்சு. வீட்டுல சம்சாரம் ஆறு மாசமாப் படுக்கையில கெடக்குறா. அவ கழுத்துல போடலாம்னு கொண்டு போனேன். வாடின மாலையப் போடலாமா, கூடாதா? இது ஏதும் கெட்ட சகுனமா?" என்று கேட்டார்.

தேர் நகரும் நேரம். அடியேன், "பெரியவரே, பூ என்றால் வாடத்தான் செய்யும். குற்றம் ஒன்றும் இல்லை. தைரியமாகப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவரும் கைகூப்பிவிட்டுப் போனார். சொன்ன விடை தவறன்று. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது போதுமான விடையும் அன்று. ஒரு மாலைக்காக மலையிறங்கித் திரும்பி வந்த மனிதருக்கு, நின்று ஒரு நாழிகை சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. அன்று சொல்லாமல் விட்டதை இந்த மலரில் எழுத முற்படுகிறேன். உத்ஸவத்துக்கு எழுந்தருளியிருக்கும் ஸேவார்த்திகள் யாவரும் ஏதேனும் ஒரு மாலையை வீட்டுக்குக் கொண்டு செல்கிறவர்களே ஆகையால், இது எல்லோருக்கும் பொதுவான கேள்வி என்று கொள்ளலாம்.

சொல்லும் அதன் சுற்றமும்

நிறமோ வலிமையோ ஒளியோ ஒரேயடியாக அன்றிச் சிறிது சிறிதாகக் குறைவதைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் அன்று, ஒரு பெரிய சுற்றமே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி இடம் உண்டு.

மங்குதல் என்பது ஒளிக்கு உரியது. விளக்கு மங்கும், கண் மங்கும், துலக்காத பித்தளைத் தீபம் மங்கும். மழுங்குதல் கூர்மைக்கு உரியது. கத்தி மழுங்கும், அறிவும் மழுங்கும். குன்றுதல் வலிமைக்கும் பெருமைக்கும் உரியது. தேய்தல் உராய்வினால் வருவது. படி தேயும், செருப்புத் தேயும், சந்தனக் கட்டை தேயும். கலை கலையாகக் குறைவதால் சந்திரனுக்கும் தேய்தல் உண்டு.

வெளிறுதல் நிறத்துக்கு உரியது. வெயிலில் உலர்த்திய ஆடை வெளிறும், நோயுற்றவர் முகம் வெளிறும். இந்தச் சொல்லுக்கு ஓர் ஆழமான பொருளும் இருக்கிறது. மரத்தில் வைரம் பாய்ந்த உள்ளகத்துக்குக் காழ் என்று பெயர்; அந்த வைரம் இல்லாத மரத்துக்கு வெளிறு என்று பெயர். அதிலிருந்து, உள்ளே உறுதியில்லாமையாகிய அறியாமையையும் வெளிறு என்னும் சொல்லால் குறித்தனர். திருவள்ளுவரும் அந்தப் பொருளில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். மேலே நிறம் போவது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே வைரம் இல்லாதது தெரிவதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த முன்னோர் நுண்மை போற்றத்தக்கது.

இவையெல்லாம் உயிரற்ற பொருளுக்கும் பொருந்தும். வாடுதல் என்னும் சொல்லோ அப்படியன்று. கல் தேயும், கல் வாடாது. பொன் மங்கும், பொன் வாடாது. துணி வெளிறும், துணி வாடாது. செடி வாடும், மலர் வாடும், முகம் வாடும், மனம் வாடும். அதாவது உயிரும் ஈரமும் உள்ளதற்கே வாட்டம். ஈரம் முற்றும் போனபின் அதை வாடியது என்று சொல்வதில்லை. உலர்ந்தது, சருகாயிற்று என்கிறோம். ஆகவே, ஒன்று வாடியிருக்கிறது என்று சொல்லும்போதே அதற்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பங்குனி வெயிலில், கோமுகி ஆற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் உழவரைக் கேட்டால் இது விளங்கும். நண்பகலில் தலை சாய்ந்து நிற்கும் பயிரைப் பார்த்து அவர் அழுவதில்லை. மடை திறந்து நீர் பாய்ச்சுகிறார். மாலைக்குள் பயிர் நிமிர்ந்துவிடுகிறது. பயிரின் தண்டையும் இலையையும் நிமிர்த்தி வைத்திருப்பது அதன் நுண்ணறைகளுக்குள் நிறைந்திருக்கும் நீரின் அழுத்தமே என்று இக்காலத்துத் தாவர நூல்கள் கூறுகின்றன. வேர் உறிஞ்சும் நீரைவிட இலை வழியே ஆவியாகும் நீர் மிகும்போது அந்த அழுத்தம் குறைந்து இலை துவள்கிறது. வேர் நலமாக இருக்கும்வரை துவண்டது நிமிரும். வாட்டம் பயிரின் மரணம் அன்று. அது பயிர் நீர் கேட்கும் குரல்.

அந்தக் குரலைக் கேட்டவர் ஒருவர் நம் பழைய தென்னார்க்காட்டு மண்ணிலேயே தோன்றினார். வடலூர் இராமலிங்க அடிகள் (1823 - 1874), வாடிய பயிரைக் காணுந்தோறும் தாமும் வாடியதாகப் பாடினார். ஸமயநெறி வேறாயினும் அந்தக் கருணையை வணங்காதார் இல்லை. பயிரின் வாட்டத்துக்கும் மனிதர் வாட்டத்துக்கும் ஒரே வினைச்சொல் இருப்பதால் அல்லவோ ஒன்றைக் கண்டு மற்றொன்று நிகழ முடிந்தது!

வாடுதலும் வாட்டுதலும்

வாடு என்பதன் பிறவினை வாட்டு என்பது. பசி வாட்டும், பிணி வாட்டும், வறுமை வாட்டும் என்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் அறிந்த வேறொரு வாட்டுதலும் உண்டு. கட்டுசாதம் கட்டுவதற்கு முன் வாழையிலையைத் தணலின்மேல் காட்டி வாட்டுகிறார்கள். பச்சை இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழிந்துவிடும். அனலில் காட்டிய இலையில் பச்சை நிறம் சற்றுக் கருத்து, விறைப்பு நீங்கி, எந்தப் பக்கம் மடித்தாலும் மடியும். நிறமும் விறைப்பும் குறைந்ததனால் அந்த இலைக்குக் குறைவு வரவில்லை. ஒன்றைத் தாங்கும் தகுதி வந்தது.

கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் மரச்சிற்பம் செய்வோரிடமும் இதைக் கேட்கலாம். இவ்வட்டாரத்து மரச்சிற்பக் கலைக்கு 2021 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அவர்கள் பச்சை மரத்தில் உளி வைப்பதில்லை. ஈரம் மெல்ல மெல்ல இறங்கும்படி நிழலில் வைத்துப் பக்குவப்படுத்திய பின்னரே செதுக்குகிறார்கள். அவசரப்பட்டு வெயிலில் காய்ச்சினால் மரம் வெடித்துவிடும். எம்பெருமானை ஏளப்பண்ணும் கருடனும் அநுமனும் யாளியும் இப்படிப் பொறுமையாக ஈரம் இறங்கிய மரங்களிலிருந்து உருவானவைதாம்.

வடமொழி வழக்கு

அடியேன் பாடசாலையில் தாதுபாடம் சொல்லிக்கொண்ட காலத்தில், க்லை, ம்லை என்னும் இரண்டு தாதுக்களைச் சேர்த்தே ஓதுவித்தார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள்: மகிழ்ச்சி குறைதல். சிறுவயதில் இது வியப்பாக இருந்தது. மலர் வாடுவதைச் சொல்லும் தாதுவுக்கு நிறம் குறைதல் என்று பொருள் சொல்லாமல், மகிழ்ச்சி குறைதல் என்று ஏன் சொன்னார்கள்? முகத்தைப் பார்த்தால் விடை தெரியும். உள்ளே மகிழ்ச்சி குறைந்தபின்னரே வெளியே நிறம் குறைகிறது. முன்னோர் காரணத்தைப் பிடித்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

ம்லை என்பதிலிருந்து ம்லாநம் (வாடியது), அம்லாநம் (வாடாதது) என்னும் சொற்கள் வந்தன. க்லை என்பதிலிருந்து வந்தது க்லாநி. கீதையின் நான்காம் அத்யாயத்தில் கண்ணன் தன் அவதாரத்துக்குக் காலம் எது என்று சொல்லும் இடத்தில் இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறான். அதை அறியாதவர் இல்லை. ஆனால் நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தர்மத்துக்கு நாசம் வரும்போது வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. தர்மத்துக்கு க்லாநி, அதாவது வாட்டம் வரும்போது வருகிறேன் என்கிறான்.

நாசத்துக்கும் வாட்டத்துக்கும் உள்ள தூரத்தை நிருக்தம் எடுத்துக் காட்டுகிறது. உள்ள பொருளுக்கு ஆறு விகாரங்கள் உண்டென்று வார்ஷ்யாயணி என்னும் ஆசார்யர் சொன்னதாக யாஸ்கர் குறிக்கிறார். பிறக்கிறது, இருக்கிறது, மாறுகிறது, வளர்கிறது, குறைகிறது, அழிகிறது என்பன அவை. குறைதல் ஐந்தாவது, அழிதல் ஆறாவது. ஐந்தாம் படியில் நிற்பதை ஆறாம் படி என்று எண்ணிக் கைவிடுவது நம் இயல்பு. ஐந்தாம் படியிலேயே எழுந்தருளித் தாங்குவது அவன் இயல்பு. இதுவே க்லாநி என்னும் சொல்லுக்குள் இருக்கும் அபயம் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

வாடாத மாலையின் கதை

இனி மாலைக்கு வருவோம். மஹாபாரதத்தின் ஆரண்ய பர்வத்தில் நளோபாக்யானம் வருகிறது. தமயந்தியின் ஸ்வயம்வரத்தில் இந்திரன், அக்நி, வருணன், யமன் ஆகிய நால்வரும் நளன் உருவிலேயே வந்து அமர்ந்தனர். ஐந்து நளர்கள்! அவள் தேவர்களையே சரணம் புக, அவர்கள் தங்கள் அடையாளத்தைக் காட்டினர். நால்வர்க்கு வியர்வை இல்லை, இமைப்பு இல்லை, மேனியில் புழுதி இல்லை, கால் நிலத்தில் தோயவில்லை, மாலை வாடவில்லை. ஒருவனுக்கு மட்டும் நிழல் விழுந்தது, கண் இமைத்தது, மேனி வியர்த்தது, கழுத்தில் மாலை வாடியிருந்தது. தமயந்தி அந்த வாடிய மாலைக்காரன் கழுத்திலேயே தன் மாலையை இட்டாள். வாடாத மாலை தேவருக்கு அடையாளம். வாடிய மாலை மனிதருக்கு அடையாளம். அது குற்றத்தின் அடையாளம் அன்று. அவள் அன்பு வைத்தது அந்த அடையாளத்தின்மேலேயே.

வாடாத மாலையும் ஒரு தீங்குக்குக் காரணமானது உண்டு. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் முதல் அம்சத்தில், பராசரர் மைத்ரேயருக்குச் சொல்லும் வரலாறு அது. துர்வாஸ மஹர்ஷி வித்யாதரப் பெண் ஒருத்தியிடமிருந்து தெய்வ மலர்களால் ஆன மாலை ஒன்றைப் பெற்று, ஐராவதத்தின்மேல் வந்த இந்திரனுக்குக் கொடுத்தார். இந்திரன் அதைத் தான் சூடாமல் யானையின் தலையில் வைத்தான். யானை அதைத் துதிக்கையால் எடுத்துத் தரையில் எறிந்தது. ப்ரஸாதமாக வந்த மாலையை மதியாததால், உன் ஐச்வர்யம் போகக்கடவது என்று முனிவர் சபித்தார். அன்றுமுதல் மூவுலகும் பொலிவிழந்தன. செடி கொடிகள் வாடின, யாகங்கள் நின்றன, தானம் செய்வார் இல்லை. பின்னர்ப் பாற்கடல் கடைந்தபோது பெரிய பிராட்டியார் தோன்றினார். பாற்கடல் அரசன் வாடாத தாமரை மாலை ஒன்றைப் பிராட்டிக்கு ஸமர்ப்பித்தான். பிராட்டி எம்பெருமான் திருமார்பை அடைந்தபின்னரே உலகங்கள் மறுபடி நிறம் பெற்றன.

இந்த வரலாற்றில் நாம் காண வேண்டியது ஒன்று. மாலையில் பூ வாடியதால் உலகம் வாடவில்லை. வாடாத மாலை கையில் கிடைத்தும், வாங்கியவனுடைய மதிப்பு வாடியிருந்ததால் உலகம் வாடியது. அப்படியாயின், வாடிய மாலையை வாடாத மதிப்போடு வாங்குகிறவருக்கு என்ன குறை வரும்? மலைமேலிருந்து வந்த அந்த முதியவருக்கு அடியேன் தேரடியில் சொல்லியிருக்க வேண்டியது இதுவே.

துளசிக்கோ இந்தக் கவலையே வேண்டா. மற்ற மலர்கள் பழையவை ஆனால் ஆராதனத்துக்கு ஆகா என்பது விதி. துளசிக்கும் கங்கை நீருக்கும் அந்தப் பழமைக் குற்றம் இல்லை என்று பெரியோர் விலக்களித்திருக்கின்றனர். மறுபுறம், வாடாமல்லி என்று ஒரு பூ இருக்கிறது. அதன் நிறம் மாதக்கணக்கில் போகாது. காரணம், நாம் இதழ் என்று எண்ணுவது ஈரமில்லாத காகிதம்போன்ற செதில். அதில் வாடுவதற்கு நீரே இல்லை. மணமும் இல்லை. வாடாதது எல்லாம் உயர்ந்தது என்றும், வாடுவது எல்லாம் தாழ்ந்தது என்றும் கொள்ளலாகாது என்பதை அந்தப் பூவே சொல்லிவிடுகிறது.

ஆழ்வார்கள் கண்ட வாட்டம்

திருமங்கையாழ்வார் அருளிச்செய்த பெரிய திருமொழி 1084 பாசுரங்கள் கொண்டது. அந்தப் பெருநூலின் முதற்சொல் வாடினேன் என்பதே. குறையலூரில் பிறந்து, படைத்தலைவராய், குறுநில மன்னராய், வேண்டியதெல்லாம் பெற்று வாழ்ந்தவர் அவர். எம்பெருமானே வழிமறித்துத் திருமந்த்ரத்தை உபதேசிக்க, அதைப் பெற்ற மகிழ்ச்சியில் வாய் திறந்தபோது முதலில் வந்த சொல், தாம் பெற்றதைச் சொல்லும் சொல் அன்று. தாம் இருந்த நிலையைச் சொல்லும் சொல். உலர்ந்தேன் என்றோ கெட்டேன் என்றோ அவர் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேரில் ஈரம் இருந்தபடியால் வாடினேன் என்றார். அந்தப் பதிகம் முழுவதும், நாராயண நாமத்தைத் தாம் கண்டுகொண்டதாகச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். வாடிய பயிருக்கு மடை திறந்த கதையே பெரிய திருமொழியின் தொடக்கம்.

நம்மாழ்வாரோ வாட்டத்தை வேறு விதமாகக் கண்டார். திருவாய்மொழி இரண்டாம் பத்து முதல் திருவாய்மொழியில், பராங்குசநாயகியாகிய பெண்ணின் நிலையில் நின்று, எம்பெருமானைப் பிரிந்த வருத்தத்தில் கண்ணில் படுவதையெல்லாம் தம்மைப்போலவே வருந்துவதாகக் காண்கிறார். நாரையின் வெண்மை பிரிவினால் வந்த பசலையாகத் தோன்றுகிறது. உறங்காத கடலும், அலையும் காற்றும், கரைந்து பெய்யும் மேகமும் அவ்வாறே. இருளை ஓட்ட வேண்டிய சந்திரன் ஒளி மழுங்கித் தேம்புவதைக் கண்டு, உனக்கும் இந்த நோயோ என்று இரங்குகிறார். உள்ளே வெந்துருகும் விளக்கையும் விட்டுவைக்கவில்லை. பிறர் வாட்டத்தைக் கண்டு தாம் வாடும் நெஞ்சம் பக்தியினால் விளைவது என்பதை இந்தத் திருவாய்மொழி காட்டுகிறது.

நிறம் மாறுதலை வைவர்ண்யம் என்று வடநூலார் பெயரிட்டு, மெய்யன்பினால் உடலில் தோன்றும் எட்டு ஸாத்விக பாவங்களில் ஒன்றாக எண்ணினர். கண்ணீரும் மெய்சிலிர்ப்பும் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அந்த வரிசையிலேயே நிறமிழத்தலும் நிற்கிறது. உலகத்தார் நோய் என்று சொல்வதை ஆழ்வார்கள் அணிகலனாகப் பூண்டனர்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்துக்கு வாய்த்த பெரும் பாக்யம், தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவலூர் திவ்யதேசம். ஓர் இரவு மழையில் முதலாழ்வார்கள் மூவரும் அங்கே இடைகழியில் ஒதுங்கினர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவுள்ள இடம். நான்காமவனாய் ஒருவன் வந்து நெருக்கினான். யார் என்று காண விளக்கு வேண்டியிருந்தது. பொய்கையாழ்வார் உலகத்தையே அகலாக்கி ஒரு விளக்கு ஏற்றினார். பூதத்தாழ்வார் அன்பையே அகலாக்கி மற்றொரு விளக்கு ஏற்றினார். பேயாழ்வார் கண்டார். நாம் ஏற்றும் விளக்கு எண்ணெய் குறையக் குறைய மங்கி, முடிவில் மலையேறிவிடுகிறது. அன்பை அகலாகக் கொண்ட விளக்கு அன்று ஏற்றியது இன்றளவும் மங்கவில்லை. பிற்காலத்தில் வேதாந்த தேசிகன், அந்த இடைகழிப் பெருமானை தேஹளீச ஸ்துதியால் பாடியதும் அந்த விளக்கின் வெளிச்சத்திலேயே.

வாட வேண்டியதும் வாடலாகாததும்

இதுவரை சொன்னதால் எல்லா வாட்டமும் நீக்கத்தக்கது என்று எண்ண வேண்டா. வடமொழியில் ராகம் என்னும் சொல்லுக்கு நிறம், சாயம், ஆசை என்று மூன்று பொருளும் உண்டு. துணியில் ஏறுவதும் ராகம். நெஞ்சில் ஏறுவதும் ராகம். அந்தச் சாயம் நீங்குவதே விராகம். விராகம் உடையவன் நிலை வைராக்யம். ஆகவே வைராக்யம் என்பது சொற்பொருளின்படி ஒரு நிறமிழப்பே. பொருள்மேல், பெருமைமேல், பிறர் குற்றத்தைப் பேசும் சுவைமேல் நமக்கு ஏறியிருக்கும் சாயம் ஆண்டுக்கு ஆண்டு வெளிறினால் அது நல்ல வெளிறல். அதே காலத்தில் எம்பெருமான்மேல் ஏறிய சாயமும் சேர்ந்து வெளிறினால் அதுவே நஷ்டம்.

ஒரு சாயம் போகவும் மற்றொரு சாயம் நிற்கவும் வழி என்ன? இதற்கு விடை கல்வராயன் மலையிலேயே விளைகிறது. மலைவாழ் மக்கள் காட்டில் பொறுக்கி விற்கும் கடுக்காயை எல்லோரும் மருந்தாக அறிவர். அது சாயத்தொழிலுக்கும் உரியது. பருத்தித் துணியை வெறுமனே மஞ்சளில் தோய்த்தால் பார்க்க அழகாக இருக்கும். சில நாள் வெயிலிலேயே வெளிறிவிடும். கலம்காரித் துணி எழுதுவோரோ முதலில் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைக்கின்றனர். கடுக்காயின் துவர் நூலிழையைப் பற்றிக்கொள்கிறது. பின்பு இடும் படிகாரத்தை அந்தத் துவர் பிடித்துக்கொள்ள, படிகாரம் வேர்ச்சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் எத்தனை முறை துவைத்தாலும் நிறம் எளிதில் போவதில்லை. கோயில்களில் தொங்கும் பழைய தொம்பைகளிலும் மேற்கட்டிகளிலும் சிவப்பும் கறுப்பும் நெடுங்காலம் நிற்பது இவ்வாறே.

வடமொழியில் துவர்ப்புக்குக் கஷாயம் என்று பெயர். மூலிகை காய்ச்சிய நீருக்கும் அதே பெயர். ஸந்யாஸிகள் உடுக்கும் துவராடைக்குக் காஷாயம் என்று பெயர். இனிப்பு நாவில் உடனே கரைந்து போகும்; துவர்ப்பு பற்றி நிற்கும். ஆசார்யன் சொல்லும் ஹிதவசனம் முதலில் துவர்க்கத்தான் செய்யும். நோயும் வறுமையும் பிரிவும் துவர்ப்பே. அதில் ஊறிய நெஞ்சில் ஏறும் பக்தி வெளிறுவதில்லை. உத்ஸவ நாளில் மட்டும் தோய்த்து எடுக்கும் மஞ்சள் அழகானதே. ஆனால் அடுத்த வெயிலுக்குத் தாங்காது.

ஸேவார்த்திகளுக்கு விண்ணப்பம்

இரண்டு வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நீங்கள் பெற்றுச் செல்லும் மாலையைப் பற்றியது. அது வாடுவது அபசகுனம் அன்று. வாடியபின் காலில் படும் இடத்தில் எறிய வேண்டா. ப்ளாஸ்டிக் பையில் கட்டி ஆற்றிலும் குளத்திலும் விட வேண்டா. நைலான் நூல் இருந்தால் அதை மட்டும் அகற்றிவிட்டு, துளசி மாடத்திலோ மரத்தின் வேரிலோ சேர்த்துவிடுங்கள். எம்பெருமான் திருமேனியில் இருந்தது மறுபடி ஒரு தளிராக எழுந்திருக்கும்.

இரண்டாவது, அருளிச்செயல் கோஷ்டியைப் பற்றியது. அடியேன் கைங்கர்யத்துக்கு வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்நாளில் இச்சந்நிதியில் காலைக் கோஷ்டியில் இருபது குரல்கள் கேட்கும். இப்போது ஸாதாரண நாளில் நான்கு குரல்கள். அவற்றில் ஒன்று அடியேனுடையது. அதுவும் முன்போல் எழும்புவதில்லை. இதைக் கண்டு, எல்லாம் போயிற்று என்று சொல்வார் உண்டு. அடியேன் அப்படிச் சொல்ல மாட்டேன். இது உலர்ந்துபோனது அன்று, வாடியிருப்பது. சென்ற மார்கழியில் அடிவாரத்திலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் மூவர், திருப்பாவையைக் காதால் கேட்டே பாதிக்குமேல் உடன் சொன்னார்கள். வேரில் ஈரம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளை நாளுக்கு அரை நாழிகை இங்கே அனுப்புங்கள். அதுவே நீர் பாய்ச்சுதல்.

அந்த முதியவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நிறைவு பெறாது. இந்த ஆண்டு புரட்டாசி சனிக்கிழமை அவர் வந்தார். கையில் ஒரு சிறு பை நிறையக் கடுக்காய் இருந்தது. மடைப்பள்ளிக்கு என்று கொடுத்தார். அடியேன் அவர் வீட்டு அம்மாளைப் பற்றிக் கேட்டேன். தை மாதம் பரமபதித்துவிட்டார் என்று தெரிந்தது.

"அந்த மாலைய அவ கழுத்துல போட்டேன் சாமி. அப்புறம் தலைமாட்டுலயே மாட்டிவெச்சிருந்தா. பூவெல்லாம் உதிர்ந்து போச்சு. துளசி சருகாயிடுச்சு, ஆனா கசக்கி மோந்தா வாசம் அப்படியே இருந்துச்சு. கடைசி வரைக்கும் அதை எடுக்க விடல. குத்தமில்லேன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதைத்தான் அவகிட்டச் சொன்னேன்" என்றார்.

தேரடியில் அவசரத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தையையே அவர் மலைமேல் கொண்டுபோய் அவ்வளவு நாள் காப்பாற்றியிருக்கிறார். அடியேன் இத்தனை பக்கம் எழுதியது அவருக்குத் தேவைப்படவில்லை. அன்று அவர்முன் நின்று பேச நேரம் இல்லை என்று எண்ணிய அடியேனுக்கே இது தேவைப்பட்டது. துளசியின் மணத்தைப்போல் நம் எல்லோருடைய பக்தியும் சருகாகும் நாளிலும் நிலைத்திருக்க எம்பெருமான் திருவுள்ளம் பற்ற வேணும்.

அடியேன்
ராமாநுஜ தாஸன்